காற்புள்ளி, முத்தம், முற்றுப்புள்ளி

திங்கள்தோறும் ஒலிநாடா வரும்
கிரிம்ஸ்பி மீன்துறைப் பையன் ஒருவனின் சைக்கிளில்,
சில வாரம் ஹாடக் மீன் வாடையோடு.
ஹெட்போனை மாட்டினால் பெரில் ஆட்லிங்கின் குரல்:
"அவள் இடையைத் தொட்டான் காற்புள்ளி
அவள் விலகவில்லை முற்றுப்புள்ளி
லோர்னா, விலகினாள் என்று போடலாமா?
வேண்டாம். வெளியே மழை, எங்கே போவாள்."

அட்டையில் அவள் ரோசலிண்ட் டிவேர்.
பதிப்பாளர் வைத்த பெயர்.
ஆட்லிங் என்று சொன்னால் செதில் உதிர்கிறதாம்.

முதல் நாவலை எழுதியது குளிர்கிடங்கில்,
மீன் எடைச் சீட்டுகளின் பின்பக்கம்,
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு.
நாயகனுக்கு சிசிலியில் எலுமிச்சைத் தோட்டம்.
அதுவரை அவள் போன தொலைவு
கிளீதோர்ப்ஸ் கடற்கரை.
பஸ்ஸில் இருபது நிமிடம்.

பிறகு விற்றது. விற்றது என்றால்,
இருபத்தாறு மொழி,
விமான நிலையங்களில் சுழலும் கம்பித்தட்டு,
பிரசவ வார்டு, சிறை நூலகம்.
லாரி ஓட்டுநர் ஒருவன் எழுதினான்:
'உங்கள் டாக்டர் பேசுவதுபோல் மனைவியிடம் பேசினேன்,
காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.
தொட்டாள் அல்லவா, நன்றி.'
அது மட்டும் பல வருடம் அவள் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்ததாம்.

லண்டன் விமர்சகர் 'வெறும் சர்க்கரைப் பாகு' என்றார்.
"அவருக்குப் பதம் தெரியுமா?" என்றது நாடா.
"ஒரு நொடி அசந்தால் கை வெந்துவிடும்.
இதை டைப் செய்யாதே, லோர்னா."

எல்லா நாடாவிலும் பின்னால் நெவில் இருந்தார்.
செருப்பு, கெட்டில், குதிரைப் பந்தய வானொலி,
எல்லாவற்றுக்கும் மேலாக இருமல்.
வெனிஸ் படகில் முதல் முத்தம், நெவில் இருமுவார்.
பளிங்குப் படியில் ஒருவன் மண்டியிடுவான்,
"பெரில், என் கண்ணாடியைப் பார்த்தாயா?"
"உன் தலைமேல் இருக்கிறது.
அவள் மூச்சு ஒரு கணம் நின்றது முற்றுப்புள்ளி"

இருமலை நான் டைப் செய்ததில்லை.
பக்கத்துக்குத்தான் கூலி.
ஆனால் பழகிவிட்டது.
அது கேட்காத முத்தங்களை
இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்ப்பேன்.

நாற்பத்து நாலாம் நாவல், மூன்றாம் நாடா, பின்பக்கம்.
"கதவைத் திறந்தான் காற்புள்ளி"
அப்புறம் ஒன்றுமில்லை.
அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
சுவர்க்கடிகாரம் கேட்டது.
கெட்டில் இல்லை, வானொலி இல்லை.
ஏழு நிமிடம்.
ஒரே ஒரு தடவை மூக்கை உறிஞ்சும் சத்தம்.
பிறகு, மீன் எடை சொல்லும் அதே குரலில்:
"எங்கே விட்டேன்? கதவு. சரி.
திரும்பி வந்திருந்தான் முற்றுப்புள்ளி
இளைத்திருந்தான் முற்றுப்புள்ளி
கண்ணாடி அவன் தலைமேல்தான் இருந்தது முற்றுப்புள்ளி"

அந்த நாயகனுக்கு வயது முப்பத்தொன்று.
பக்கம் ஆறில் கழுகுப் பார்வை என்று சொல்லியிருந்தாள்.
நான் அப்படியே அடித்தேன்.
ஏழு நிமிடத்துக்கு நான்கு வெற்று வரி விட்டேன்,
வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.
அச்சகத்தில் பிழையென்று இழுத்து மூடிவிட்டார்கள்.

இன்னும் பதினேழு நாவல் சொன்னாள்.
எல்லாம் விற்றன. யாரும் இருமவில்லை.

அவளை நான் நேரில் பார்த்தது இரண்டே முறை.
ஒருமுறை பஸ் நிறுத்தத்தில், நெவிலின் பழுப்புக் கம்பளிச் சட்டையில்:
"நீ இன்னும் உயரமாக இருப்பாய் என்று நினைத்தேன்."
அடுத்த முறை அவள் பேசவில்லை.
சவப்பெட்டிமேல் ரோஜா, பதிப்பகம் அனுப்பியது,
அட்டைப்படத்தில் வரும் அதே நிறம்.

போன வாரம் ஃப்ரீமன் தெருப் பழைய புத்தகக் கடையில்
நாற்பத்து நாலு கிடைத்தது, விலை ஐம்பது பென்ஸ்.
பக்கம் நூற்று நாற்பத்து மூன்றின் ஓரத்தில்
யாரோ பென்சிலால் கேட்டிருந்தார்கள்:
'கண்ணாடியா? எப்போது வந்தது?'
பையில் பென்சில் இருந்தது.
எடுத்தேன்.
கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்,
வைத்துவிட்டேன்.